உருட்டுக்கட்டை அக்கா

காலை பத்து மணிக்கு ஃபிளக்ஸ் கடையின் ஷட்டரைத் தூக்கியதும் அவன் செய்கிற முதல் வேலை, காதில் ஹெட்போனை மாட்டிப் பாட்டுப் போட்டுக்கொள்வது. இரண்டாவது வேலை, யாராவது ஒரு பெரிய மனிதர் பேசிய வீடியோவைச் சத்தமில்லாமல் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு அங்கங்கே நிறுத்துவது. எப்பேர்ப்பட்ட மனிதனையும் பேசும்போது நூறு இடத்தில் நிறுத்திப் பார்த்தால், ஓர் இடத்திலாவது கண் செருகி, வாய் கோணி, அசடு வழிய அகப்படுவான். அந்த ஓர் இடத்தைத் தேடிப் பிடிப்பதில் நம் ஆள் கில்லாடி. அவனுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது. வீட்டிலும் கடையிலும் எல்லோருக்கும் அவன் 'அட்மின்'.

'சிரிச்சுட்டுப் போங்க' என்று இணையத்தில் ஒரு பக்கம். அதற்குத்தான் அவன் அட்மின். எட்டு லட்சம் பேர் அதைப் பின்தொடர்ந்தார்கள். பின்தொடர்ந்து எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அவன் மனத்தில் அவன் ஒரு புரட்சிக்காரன். "நாம பயப்படற ஆளா? மந்திரியையே வெச்சு செஞ்சிருக்கோம்" என்பான். செய்தது உண்மைதான். அமைச்சரின் தொப்பையைப் பற்றி முந்நூறு மீம், தலைக்குப் போட்ட மையைப் பற்றி இருநூறு, மேடையில் அவர் தடுக்கி விழப்போனதைப் பற்றி எழுபது. அவருடைய துறையில் என்ன நடக்கிறது என்று ஒன்றுகூட இல்லை. தொப்பையைக் கண்ணால் பார்த்தால் போதும். துறையைப் பற்றி எழுதுவதென்றால் நாலு வரி படிக்க வேண்டும், அந்தப் பாவத்தை யார் செய்வது?

இரண்டு மாதத்துக்கு முன்னால், அதே தொப்பைக்காரப் போக்குவரத்து அமைச்சர் பொதுமக்கள் குறை கேட்கும் கூட்டம் ஒன்றை நடத்தினார். அதை அமைச்சர் அலுவலகமே நேரலையாக ஒளிபரப்பியது. அமைச்சர் கொட்டாவி விட்டால் பிடிக்கலாம் என்று அட்மின் அதை இறக்கி வைத்துக்கொண்டான். கொட்டாவி கிடைக்கவில்லை. அதைவிட நல்ல சரக்கு ஒன்று கிடைத்தது. காக்கிச் சட்டை போட்ட நடுவயதுப் பெண் கண்டக்டர் ஒருவர் எழுந்து நின்று, கையில் ஒரு மரக்கட்டையை ஓங்கிப் பிடித்தபடி, வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அட்மின் துள்ளிக் குதித்தான். பின்னணியை வெட்டினான். அமைச்சரை வெட்டினான். முகத்தையும் கட்டையையும் மட்டும் வைத்துக்கொண்டான். ஒரே ஒரு குறை. கட்டையின் முனை ஒரு பக்கமாகச் சரிவாகச் சீவியிருந்தது. அடிக்கிற கட்டை மாதிரித் தெரியவில்லையே என்று, பிரஷ்ஷை எடுத்து நாலு தேய்ப்பில் முனையை உருட்டிவிட்டான். மூலையில் தன் பக்கத்தின் முத்திரையைப் போட்டு, 'உருட்டுக்கட்டை அக்கா' என்று பெயரும் வைத்தான். அந்த அம்மாள் என்ன பேசினார் என்று அவனுக்குத் தெரியாது. அவன் காதில் அப்போது குத்துப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

படம் தீயாகப் பரவியது. லேட்டாக வீட்டுக்கு வரும் கணவனுக்கு உருட்டுக்கட்டை அக்கா. பரீட்சையில் கோட்டை விட்டவனுக்கு உருட்டுக்கட்டை அக்கா. இரண்டு நடிகர்களின் ரசிகர்கள், யார் படம் ஊற்றிக்கொண்டது என்று மாறி மாறி அந்த அம்மாளின் முகத்தை எறிந்துகொண்டார்கள். ஊரில் இருந்த வேலைவெட்டி இல்லாதவனுக்கெல்லாம் ஒரு வாரம் பொழுது போயிற்று. கடைசியில் அமைச்சரே ஒரு கல்யாண மேடையில், "அந்த உருட்டுக்கட்டை அக்கா இங்க எங்கயாச்சும் இருக்காங்களா? இருந்தா சொல்லுங்க, நான் ஓடிடறேன்" என்றார். கூட்டம் கைதட்டியது. தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்ளும் பெருந்தன்மை என்று பத்திரிகைகள் உருகின.

அந்த அம்மாள் ஒரு சனிக்கிழமை காலை ஃபிளக்ஸ் கடைக்குள் நுழைந்தார்.

அட்மினுக்குப் பார்த்தவுடனே தூக்கிவாரிப் போட்டது. அந்த முகத்தின் ஒவ்வொரு புள்ளியும் அவனுக்கு அத்துப்படி. இடது புருவத்துக்கு மேல் இருக்கும் மச்சத்தைக்கூட இரண்டு முறை அழித்து, பிறகு காமெடியாக இருக்கட்டும் என்று விட்டவன் அவன். குரலைத்தான் அன்றைக்கு முதல்முதலாகக் கேட்டான். சாதாரணமான, கொஞ்சம் கரகரத்த குரல்.

"தம்பி, ஒரு போட்டோவ பெருசா, தெளிவா எடுத்துத் தர முடியுமா? திங்கக்கிழமை எனக்கு விசாரணை."

பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். டிப்போ கொடுத்த மெமோ. 'அமைச்சரைத் தாக்கும் நோக்கத்துடன் ஆயுதத்துடன் கூட்டத்துக்கு வந்து, அதை ஓங்கி மிரட்டினார்' என்று குற்றச்சாட்டு. அதனால் ஒன்றரை மாதமாக சஸ்பெண்ட். ஆதாரம் என்று ஒரு படத்தை இணைத்திருந்தார்கள். இணையத்திலிருந்து எடுத்த படம். படித்துப் பட்டம் வாங்கிய அதிகாரிகள், கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி இணைத்த அந்தப் படத்தின் மூலையில் 'சிரிச்சுட்டுப் போங்க' என்று இருந்தது. அதை வெட்டி எடுக்க வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

அட்மின் கட்டைவிரலால் அந்த மூலையை மறைத்துக்கொண்டான்.

"இது அடிக்கிற கட்டையே இல்ல தம்பி. முட்டுக்கட்டை. எங்க வண்டிக்கு ஹேண்ட் பிரேக் புடிக்காது. மேட்டுல நிறுத்துனா பின்னாடி உருளும். நான்தான் ஒவ்வொரு தடவையும் குதிச்சுப் போயி சக்கரத்துக்கு அண்டக் குடுப்பேன். அதனாலதான் ஒரு பக்கம் சரிவா சீவியிருக்கும். அடிக்கிறதுக்கு எடுத்துட்டுப் போறவ எதுக்கு தம்பி சீவணும்? அந்தச் சீவுன முனை மட்டும் தெளிவாத் தெரிஞ்சிட்டாப் போதும், என் வேலை தப்பிச்சிடும். இந்தப் படத்துல ஏனோ உருண்டையாத் தெரியுது. நீங்கள்லாம் கம்ப்யூட்டர்ல சரி பண்ணுவீங்களாமே?"

"கட்டைய நேரா எடுத்துட்டுப் போய்க் காட்டலாமேக்கா?" என்றான் அட்மின், தன் குரலையே தான் கேட்டுக்கொண்டு.

"ஆயுதம்னு சொல்லி அன்னிக்கே புடுங்கிட்டாங்க. இப்ப கேட்டா காணாமப் போச்சுங்கறாங்க. வீடியோவையும் அவங்க பக்கத்துலருந்து எடுத்துட்டாங்க. எனக்குன்னு இருக்கறது இந்தப் படம் ஒண்ணுதான்."

முழு வீடியோ, அவர் நின்ற இடத்திலிருந்து ஒன்றரை அடி தூரத்தில், அட்மினின் கம்ப்யூட்டரில் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் 'உனக்கு எப்படிக் கிடைத்தது' என்ற கேள்வி வரும். எட்டு லட்சம் பேருக்குப் புரட்சிக்காரனான நம் வீரர் மானிட்டரைச் சற்றுத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"படம் கிளியரா இல்லக்கா. ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்படியா" என்றார் அந்த அம்மாள். காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். "எதுக்கும் நம்பர் எழுதி வெச்சுட்டுப் போறேன் தம்பி. ஏதாச்சும் வழி தோணுச்சுன்னா கூப்பிடுங்க." ஆர்டர் நோட்டில் எழுதிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

பகல் ஒரு மணிக்கு அமைச்சரின் உதவியாளர் வந்தார். பிறந்தநாள் ஃபிளக்ஸ் பன்னிரண்டு வேண்டுமாம். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, இரண்டு கையிலும் போன். அட்மினைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"தம்பிதானே அந்தப் பேஜு? எங்க ஐடி ஆளுங்க சொன்னாங்க."

அட்மின் பயந்து போனான். முந்நூறு தொப்பை மீமும் ஒரே நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது.

"சார், அது சும்மா ஜாலிக்கு..."

"அட, எதுக்கு நடுங்கறீங்க? தொப்பைய போடுங்க, நல்லாப் போடுங்க. ஐயாவே ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி பாத்துட்டு சிரிப்பாரு. ஜனங்க சிரிச்சுட்டாங்கன்னா கோவம் போயிடும் தம்பி. அந்தக் கண்டக்டரம்மா அன்னிக்கு பிரேக் இல்லாத இருபது வண்டி நம்பர எழுதிட்டு வந்து வரிசையா வாசிக்க ஆரம்பிச்சுது. டிவிக்காரன் அதப் புடிச்சிருந்தா எங்க கதி அதோகதி. நல்லவேளை, நீங்க ஒரு படம் போட்டீங்க, மொத்த ஊரும் கட்டையப் பாத்துச்சு. ஒரு பய பிரேக்கப் பத்திக் கேக்கல. நாங்க ஆள் வெச்சு செஞ்சிருந்தாக்கூட இவ்வளவு சுத்தமா வந்திருக்காது!"

அவர் அட்மினின் முதுகில் தட்டினார். வண்டிமாட்டைத் தட்டுகிற தட்டு.

அவர் போனதும் அட்மினுக்கு அவமானமாக இருந்தது. யாரை வெச்சு செஞ்சோம் என்று மார்தட்டினானோ, அவர்கள் வீட்டுக்கே இத்தனை நாள் சம்பளமில்லாத வேலைக்காரனாக இருந்திருக்கிறான்! பிறகு ஹெட்போனில் ஓடிய பாட்டை நிறுத்தினான். வீடியோவைத் திறந்தான். முதன்முறையாகச் சத்தத்தை வைத்தான்.

அந்த அம்மாள் கத்தவே இல்லை. அவன் பிடித்து வைத்திருந்த அந்தப் பிளந்த வாய், "ஐயா" என்று கூப்பிட ஆரம்பித்த வாய்.

"ஐயா, ஒரு நிமிஷம். இதான் ஐயா எங்க வண்டியோட ஹேண்ட் பிரேக். ஸ்கூல் மேட்டுல நாப்பது புள்ளைங்க ஏறும். அதுங்க ஏறி முடிக்கிற வரைக்கும் இந்தக் கட்டைதான் வண்டியத் தாங்குது. எனக்குக் கை வழுக்குச்சுன்னா..."

அதற்குமேல் அவர் வண்டி எண்களை வாசிக்க ஆரம்பித்தார். ஏழாவது எண்ணில் அமைச்சரின் குரல் குறுக்கே வந்தது. "யாருய்யா இந்தம்மா? மைக்க வாங்கு." நாற்பது நொடி. அந்த நாற்பது நொடியை நூறு துண்டாக நறுக்கிப் பார்த்தவன், ஒரு துண்டைக்கூடக் கேட்டதில்லை.

அவன் ஆர்டர் நோட்டைப் புரட்டி எண்ணைத் தேடினான்.

அந்த அம்மாள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அட்மின் வீடியோவைக் காட்டினான். சீவின முனை பளிச்சென்று தெரிந்த இடத்தில் நிறுத்தினான். அவர் முகம் மலர்ந்தது. "எங்க தம்பி புடிச்சீங்க? மகராசனா இருங்க!"

"அக்கா... அந்தப் பேஜு என்னோடது. முனைய உருட்டுனது நான்தான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அறைவார் என்று அட்மின் எதிர்பார்த்தான். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என் பொண்ணு காலேஜுக்குப் போகமாட்டேன்னு பத்து நாள் வீட்டுல கெடந்தா, தெரியுமா?" என்றார் அவர். "பஸ்ஸுல ஏறுனா சின்னது பெருசு எல்லாம் 'அக்கா, கட்டை எங்க'ன்னு கேக்குது. அது போகட்டும். நான் வெக்கப்பட்டு செத்துட மாட்டேன். ஆனா இப்ப என் வண்டில போற புது கண்டக்டர் கட்டை வெக்கறதில்ல. எறங்கி வெச்சா எல்லாரும் சிரிக்கறாங்களாம். டிரைவர் பாவம், பிரேக்க மிதிச்சுக்கிட்டே உசுரக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. சிரிக்க வேண்டாம்னு யாரு தம்பி சொன்னா? சிரிங்க. அதிகாரத்துல இருக்கறவன் பொய் சொன்னா நல்லா வயிறு வலிக்கச் சிரிங்க. எங்கள மாதிரி ஆளு வாயத் தொறந்தா மட்டும், சிரிக்கறதுக்கு முன்னாடி என்ன சொல்றான்னு கேளுங்க. நீங்க சிரிச்ச சிரிப்புல, தப்பு பண்ணவன் நிம்மதியாத் தூங்குறான்."

அட்மின் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தான். படத்தை மாற்றியது தான்தான் என்று கைப்பட எழுதி, வங்கிப் புத்தகத்தில் மட்டும் இருந்த பெயரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

திங்கட்கிழமை விசாரணை அரை மணி நேரத்தில் முடிந்தது. வீடியோவையும் கடிதத்தையும் பார்த்த அதிகாரிக்கு வேறு வழியில்லை. சஸ்பெண்டை ரத்து செய்து, 'எச்சரிக்கையுடன்' வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எதற்கு எச்சரிக்கை என்று எச்சரித்தவருக்கே தெரியாது. காணாமல் போன கட்டை அதே அலுவலக பீரோவுக்குப் பின்னாலிருந்து கிடைத்தது.

அட்மின் முழு வீடியோவையும் சத்தத்தோடு தன் பக்கத்தில் போட்டு, நடந்ததை எழுதி, மன்னிப்பும் கேட்டான். உருட்டுக்கட்டையை லட்சக்கணக்கில் பகிர்ந்த மகாஜனங்களில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இதைப் பகிர்ந்தார்கள். 'நீளமா இருக்கு', 'காமெடி எங்க அட்மின்?', 'யார்கிட்ட காசு வாங்கின?' என்று மிச்சப் பேர் கேட்டார்கள். ஆனால் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்கள் சும்மா பகிர்ந்துவிட்டுப் போகவில்லை, நேராக டிப்போவுக்குப் போய் வாசலில் உட்கார்ந்தார்கள். இருபது வண்டியில் ஆறுக்கு பிரேக் மாற்றியாயிற்று. மீதி வரிசையில் நிற்கிறது.

அடுத்த வாரம் ஒரு நாள் அட்மின் அந்த பஸ்ஸில் ஏறினான். இந்த வண்டியின் முறை இன்னும் வரவில்லை. பள்ளிக்கூட மேட்டில் வண்டி நின்றதும், கண்டக்டர் அம்மாள் சீட்டுக்கு அடியிலிருந்து கட்டையை இழுத்து அவன் கையில் கொடுத்தார்.

"இன்னிக்கு நீங்க வைங்க."

வாங்கியதும் கை தாழ்ந்தது. ஐந்தாறு கிலோ இருக்கும். படத்தில் அதற்கு எடையே இல்லாமல் இருந்தது. அவன் இறங்கி மண்டியிட்டு, சீவின பக்கம் சக்கரத்தைப் பார்க்க இருக்கும்படி கட்டையைத் தள்ளினான். டயர் ஒரு அங்குலம் பின்னால் வந்து கட்டைமேல் உட்கார்ந்தது. பிள்ளைகள் ஏறத் தொடங்கினார்கள்.

நிறுத்தத்தில் நின்ற ஒரு தொந்திக்கார மனிதர் போனை நீட்டிப் படமெடுத்துக்கொண்டே இளித்தார். "உருட்டுக்கட்டை அக்காவுக்கு அசிஸ்டென்ட் வந்தாச்சுடோய்!"

அந்த வீடியோவை அவர் எந்த இடத்தில் நிறுத்துவார் என்று அட்மினுக்குத் தெரியும். குனிந்த முதுகு, பிளந்த வாய், சேறு பட்ட முழங்கால். அவன் எழுந்தான்.

"தாராளமா எடுங்க சார். ஆனா ஒண்ணு, சத்தத்த வெட்டாமப் போடுங்க. இந்த வண்டிக்கு ஹேண்ட் பிரேக் இல்ல. இதச் சொல்ல வந்தவங்களப் பாத்து எட்டு லட்சம் பேரச் சிரிக்க வெச்சவன் நான். கேக்காம சிரிச்சா அது கிண்டல் இல்ல சார், தப்பு பண்றவனுக்குக் காவல். அதையும் சேத்துப் போடுங்க."

மனிதர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். சத்தத்தோடு கேட்டபோது அவருக்கு அதில் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசிப் பிள்ளையும் ஏறியது. "கட்டைய எடுத்துட்டு ஏறுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, கண்டக்டர் அம்மாள் விசில் ஊதினார்.