மங்காத காரீயத் தகடு

பேறுகால விடுப்பில் தாய்வீடான பசுவந்தனையில் இருந்த ஆறு மாதமும் அமுதவள்ளிக்கு இருந்த கவலை ஒன்றுதான். அவள் பழம்பொருள் காப்பறைப் பொறுப்பாளராக இருந்த கோவில்பட்டி அறக்கட்டளை அருங்காட்சியகத்தில், அவளுடைய பிறந்த வீட்டாரின் குலசாமிச் சங்கு இருந்தது. ஆண்டுக்கொரு முறை, பங்குனிக் கொடைத் திருவிழாவன்று மட்டும் ஊதப்படும் சங்கு அது. அதை யார் வீட்டில் வைப்பது என்று பங்காளிகளுக்குள் சண்டை முற்றியபோது, "எங்கிட்ட குடுங்க, ஒரு கீறல் விழாமப் பாத்துக்கிடுதேன்" என்று வாக்குக் கொடுத்து அவள்தான் வாங்கிப் போனாள்.

அவள் விடுப்பில் போகும் தறுவாயில் காப்பறைக்குப் புதிய மர அலமாரிகள் வந்து இறங்கின. ஒட்டுப்பலகையும் பசையும் புளித்த ஆவியைக் கக்கும். மூடிய அலமாரிக்குள் அது தேங்கினால் சங்கும் சிப்பியும் அரிபட்டு வெள்ளைப் பொடியாய் உதிரும். அந்த ஆவியை முன்னதாகக் காட்டிக்கொடுப்பது காரீயம். ஆகவே ஒவ்வோர் அலமாரியிலும் ஒரு காரீயத் தகட்டைத் தொங்கவிட்டாள். தகட்டில் வெண்மை பூத்தால் உடனே பொருள்களைப் பழைய இரும்புப் பீரோவுக்கு மாற்றிவிட வேண்டும் என்று செயலாளர் காளீஸ்வரனிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவளை அந்த வேலையில் சேர்த்தவரே அவர்தான். உடன்பிறந்தவன் சொல்லைக் காட்டிலும் அவர் சொல்லை அவள் பெரிதாக மதித்தாள்.

அவரும் மாதந்தோறும் தகட்டைப் படம் பிடித்துக் கைப்பேசியில் அனுப்பினார். ஐப்பசி அடைமழையில்கூட அதில் ஒரு புள்ளி இல்லை. பெரியம்மா பாலம்மாள் குழந்தையைப் பார்க்க வரும்போதெல்லாம் சங்கையும் விசாரிப்பாள். அமுதவள்ளி படத்தைக் காட்டித் தைரியம் சொல்வாள். பாலம்மாள் அதைப் பங்காளிகள் வீடுதோறும் போய்ச் சொல்லிவிடுவாள்.

கொடைக்குப் பந்தக்கால் நாட்டியதும் சங்கை வாங்கிப் போகப் பாலம்மாளும் அவள் மகன் ஜெயபாண்டியும் கோவில்பட்டிக்கு வந்தார்கள். அமுதவள்ளி விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய நாள் அது. அலமாரியைத் திறந்தாள். கஞ்சி புளித்தாற்போன்ற வாடை முகத்தில் அடித்தது. சங்கின் மேலெல்லாம் வெள்ளைப் பொடி. தூக்கினாள், வாய்ப்பக்கத்து வரிகள் விரலோடு உதிர்ந்தன.

அவள் வாய் திறக்குமுன் பாலம்மாள் பொடியைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டாள். "ஏலே, நீயும் பூசிக்கோ. சாமி சங்குல திருநீறு வெளஞ்சிருக்கு" என்று மகனையும் அழைத்தாள். பின்னால் நின்ற காளீஸ்வரன் கைகூப்பினார்.

அமுதவள்ளி தகட்டைக் கழற்றினாள். அது அப்போதுதான் வெட்டியதுபோல் பளபளத்தது. நல்ல காற்றிலேயே காரீயம் சில வாரங்களில் மங்கிச் சாம்பல் நிறம் கொள்ளும். ஆறு மாதம் தொங்கிய தகடு பளபளக்க வழியே இல்லை. படத்தில் பிடிபடாதது கையில் எடுத்ததும் பிடிபட்டுவிட்டது.

காளீஸ்வரனைத் தாழ்வாரத்துக்கு அழைத்துக் கேட்டாள். அவர் மறைக்கவில்லை. அலமாரிகள் அவர் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டார் செய்துகொடுத்தவை. அவர்களுக்கு மாலை மரியாதையெல்லாம் செய்தாயிற்று. ஐப்பசியில் தகடு வெளுத்தது. பொருள்களை வெளியே எடுத்தால் சம்பந்தி காதுக்குப் போகும் என்று அஞ்சி, அது முதல் மாதந்தோறும் புதுத் தகடு வெட்டித் தொங்கவிட்டுப் படம் எடுத்திருக்கிறார். அவள் திரும்பும் நாளென்று அன்று காலையும் ஒன்றை மாற்றியிருக்கிறார்.

"சம்மந்தி குடுத்த சாமானைக் குத்தஞ்சொல்ல முடியுமா தாயி? எம்பிள்ள அங்கன வாழணும்லா."

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி."

"சொன்னா நீ சும்மா இருந்திருப்பியா? ஒம் பெரியம்மாவே திருநீறுன்னு பூசிட்டாவ. அப்படியே இருக்கட்டும். யாருக்கும் மனத்தாங்கல் இல்ல."

தான் சும்மா இருக்கமாட்டாள் என்பது தெரிந்துதான் அவர் தன்னை ஏமாற்றினார் என்பது அவளுக்கு நெஞ்சில் தைத்தது. உள்ளே போய்ப் பாலம்மாளிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அது திருநீறு இல்லை, சங்கே அரித்து உதிர்ந்த பொடி என்றாள். தகடு மாற்றப்பட்டதையும் சொன்னாள்.

பாலம்மாள் காளீஸ்வரனைத் திரும்பிப் பார்த்தாள்.

"தகடு, காத்து, இதெல்லாம் நான் என்னத்தக் கண்டேன்? எல்லாம் இந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்" என்றார் அவர்.

அமுதவள்ளி கைப்பேசியைத் திறந்தாள். அதில் இருந்தவை எல்லாம் நல்ல தகடுகளின் படங்களே.

பாலம்மாள் முந்தானையால் நெற்றியை அழுந்தத் துடைத்தாள். "படத்தக் காட்டுனது நீதானட்டி. அந்தாளையா நம்பிக் குடுத்தோம்?" என்றாள். கொண்டுவந்திருந்த கோடி வேட்டியில் சங்கைச் சுற்றினாள். கொடைக்கு வந்து பங்காளிகள் வாயில் விழவேண்டாம் என்று ஜெயபாண்டி சொல்லிவிட்டுத் தாயின் பின்னே நடந்தான்.

அமுதவள்ளி அலமாரிகளைக் காலிசெய்யத் தொடங்கினாள். சங்கு வளையல்கள் இருந்த தட்டு கனத்தது. காளீஸ்வரன் வந்து மறுமுனையைப் பிடித்தார். அவர் கையை எடுக்கும்வரை அவள் அதைத் தூக்கவில்லை.