ஊக்கில் மாட்டிய கத்தி

பாலகுமார் எதையும் லேசில் வாங்கிவிடுகிற ஆள் இல்லை. கல்யாணமாகி ஈஜிபுராவில் குடிவந்த புதிதில் ஒரு குக்கர் வாங்க அவன் செய்த ஆராய்ச்சி முடிவதற்குள், தமயந்திக்குப் பானையில் சோறு வடிப்பது கைவந்த கலையாகிவிட்டது. அப்படிப்பட்டவனுக்கு ஊர்சுற்றும் பைத்தியம் பிடித்தால் கேட்க வேண்டுமா? ஆபீஸ் ஆட்களோடு ராமநகரப் பாறைகளில் ஏறி இறங்கிவிட்டு வந்தவன், மல்டி டூல் ஒன்று இல்லாமல் இனி வாழ்க்கை ஓடாது என்றான்.

“அப்படின்னா?”

“பாக்கெட்டுல அடங்குற கத்தி. கத்தி மட்டும் இல்ல. அதுக்குள்ளயே கத்தரி, ரம்பம், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர் எல்லாம் மடக்கி வச்சிருப்பான். காட்டுல எப்ப என்ன தேவைப்படும்னு சொல்ல முடியாது பாரு.”

கரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிறந்து வளர்ந்தவன் காட்டைப் பற்றிப் பேசுவதைத் தமயந்தி சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். பிறகு தாலிக்கொடியை வெளியே இழுத்து, அதில் வரிசையாகத் தொங்கிய ஊக்குகளைக் காட்டினாள்.

“எங்கிட்ட ஏற்கெனவே இருக்குங்க.”

அவள் சொன்னதில் பொய்யில்லை. செருப்பு வார் அறுந்தால் ஊக்கு, காலில் முள் தைத்தால் ஊக்கு, பாவாடைக்கு நாடா கோக்க ஊக்கு, கூட்டமான பஸ்ஸில் உரசுகிறவனுக்கும் அதே ஊக்கு. நம் பெண்கள் காலம்காலமாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு அலைகிற கருவிக்கு எந்தக் கம்பெனியும் விளம்பரம் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

பிரிகேட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கூடாரம், கயிறு, முதுகுப்பை விற்கிற கடை இருந்தது. கடைக்காரர் சேஷகிரி கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பாலகுமாரின் கண் நேராகப் போய் நின்றது ஒரு பெரிய சைஸ் சாமானில். பதினெட்டு வேலை செய்யும். மீன் செதில் சுரண்டக்கூட அதில் ஒரு தகடு இருந்தது. பாலகுமார் வீட்டில் மீன் வாங்குவதோடு சரி, கழுவுவது யாரென்று அவனுக்கே தெரியும்.

“இதுதான்” என்றான்.

தமயந்தி அதைக் கையில் வாங்கினாள். பிறகு, கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து தன் கையை நனைத்துக்கொண்டாள். சேஷகிரி பதறிப்போய்த் துணியைத் தேடினார்.

“என்ன பண்றே?”

“ஈரக்கைல திறக்க வருதான்னு பாக்கறேங்க. சமையக்கட்டுல எங்கைக்கு எப்ப ஈரம் காயுது? ஆத்துல குளத்துல மட்டும் காஞ்சிருக்குமா?”

பதினெட்டு வேலை செய்கிற சாமான் அவளுடைய ஈரக்கைக்கு ஒரு வேலையும் செய்யவில்லை. நகத்தை விட்டு நெம்ப வேண்டியிருந்தது, நகம் வழுக்கியது. பாலகுமார் வீறாப்பாக வாங்கி நெம்பி, தன் நகத்தின் ஓரத்தைப் பெயர்த்துக்கொண்டான். அவள் அடுத்ததை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். கடைசியாகக் கைக்கு வந்தது விரல் நீளத்தில் ஒரு சின்னச் சாமான். ஒரு கத்தி, ஒரு குட்டிக் கத்தரி, ஒரு ஸ்க்ரூ டிரைவர், அவ்வளவுதான். ஆனால் கத்தியின் முதுகில் ஒரு குமிழ் இருந்தது. கட்டைவிரலால் தள்ளினால் ஒற்றைக் கையிலேயே ‘டக்’கென்று திறந்தது. அலகின் பாதி, ரம்பம்போலப் பல் பல்லாக இருந்தது. மறுமுனையில் ஒரு வளையம்.

“மேடம் கரெக்டா பிடிச்சுட்டாங்க சார்” என்றார் சேஷகிரி, மேஜையைத் துடைத்துக்கொண்டே.

அதையே வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பதினைந்து வேலைகளை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி பாலகுமார் முகத்தை வைத்திருந்தான்.

இந்த இடத்தில் ருக்மிணியம்மாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர் வீட்டுக்காரம்மா, கன்னடக்காரர், கீழ்த்தளத்தில் இருந்தார். குடிவந்த மாதம் தமயந்தி பாயசம் எடுத்துக்கொண்டு போய் அவர் கிண்ணத்தில் ஊற்றியபோது “ஸாக்கு, ஸாக்கு” என்றார். தமயந்தி விழுந்தடித்து மாடிக்கு ஓடிப்போய், அரிசி வந்த சாக்கை உதறி மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கன்னடத்தில் ‘ஸாக்கு’ என்றால் ‘போதும்’ என்று அன்று சாயங்காலம் பாலகுமார் சொல்லித்தான் தெரியும். அதைச் சொல்லி அவன் அடித்த கிண்டல் ஒரு வருஷம் ஓடியது. இன்னொரு தடவை இப்படி அசடு வழியக் கூடாது என்று அவள் அப்போதே நினைத்துக்கொண்டாள்.

2003 மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கனகபுரா தாண்டிக் காவேரிக் கரைக்குப் போனார்கள். பாலகுமாரின் ஆபீஸில் உடன் வேலை பார்க்கும் நாகேஷ் தன் ஆம்னி வேனைக் கொண்டுவந்தான். நாகேஷுக்குக் கன்னடம்தான் வீட்டுப் பேச்சு. தமிழ் ஆபீஸில் பொறுக்கியது. தமயந்தியை அவன் ‘அத்திகே’ என்பான். ‘அத்தை’ என்கிறானோ, எனக்கென்ன அவ்வளவு வயதா ஆகிவிட்டது என்று முதலில் அவள் முறைத்ததுண்டு. அண்ணிக்குக் கன்னடத்தில் அதுதான் பெயர் என்று தெரிந்தபின் அந்த வார்த்தையின்மேல் அவளுக்கு ஒரு வாஞ்சையே வந்துவிட்டது.

சின்னச் சாமானைக் கிளம்பும்போதே அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். “உங்க பைல போட்டா பாதாளத்துக்குப் போயிரும். தேடறதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும்.” சுடிதாரில் பாக்கெட் வைத்துத் தைக்க எந்தத் தையல்காரருக்கும் மனசு வருவதில்லை. அதனால் துப்பட்டாவைத் தோளில் குத்துகிற ஊக்கிலேயே அதன் வளையத்தைக் கோத்து மாட்டிக்கொண்டாள்.

“தாலி மாதிரி மாட்டிக்கிட்டியே!” என்று சிரித்தான் பாலகுமார்.

வழியில் ஒரு சாக்கு நிறையத் தர்பூசணி வாங்கினார்கள். ஆற்றங்கரை மரநிழலில் அவற்றை உருட்டிவிட்டு, காலிச் சாக்கை விரித்துத் தமயந்தி உட்கார்ந்தாள். “அந்தக் கத்தி கொடுங்க அத்திகே” என்று நாகேஷ் நல்ல தமிழில் கேட்டு வாங்கி ஒரு பழத்தை அறுத்தான். துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். அவள் மறுபடி ஊக்கில் மாட்டிக்கொண்டாள்.

கோடைத் தண்ணீர்தானே, முழங்காலளவுதான் என்று பாலகுமார் பேண்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு இறங்கினான். அவனுக்கு நீச்சல் தெரியாது. “ஓரமாவே நில்லுங்க” என்று தமயந்தி சொன்னாள். ஓரமாகத்தான் நின்றான். புதுக் கேமராவை நாகேஷிடம் கொடுத்து, இரண்டு பாறைகளுக்கு நடுவில் தண்ணீர் நுரைத்துப் பாய்கிற இடத்துக்குப் பக்கத்தில் போய்ச் சிரித்துக்கொண்டு நின்றான். ஒரு அடி பின்னால் வைத்தான். அங்கே முழங்காலளவு இல்லை.

‘தொப்’பென்று விழுந்த சத்தத்துக்குத் தமயந்தி சிரிக்கக்கூடச் செய்தாள். எழுந்து வருவான், நனைந்த கோழியாக நிற்பான் என்று பார்த்தாள். அவன் எழவில்லை. தலை வந்தது, போனது, வந்தது. யாரோ விட்டுப்போன பழைய மீன்வலை ஒன்று பாறை இடுக்கில் சிக்கிக் கிடந்து, அது அவன் இரண்டு கால்களிலும் சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டம் அவனைக் கீழே இழுத்தது, வலை மேலே விடவில்லை. நாகேஷ் கேமராவை எறிந்துவிட்டுப் பாறையில் குப்புற விழுந்து, அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். முகம் தண்ணீருக்கு மேலே நிற்பதும் நிற்காததும் அந்தப் பிடியில் இருந்தது. பாறை முழுக்கப் பாசி. இழுக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் நாகேஷே தண்ணீர்ப் பக்கம் சறுக்கிக்கொண்டிருந்தான்.

“அத்திகே! சாக்கு! சாக்கு கொடி! பேக!”

கலவரத்தில் அவனுக்குத் தமிழ் சுத்தமாக மறந்துபோயிருந்தது. ‘கொடி’ என்றால் கொடுங்கள், ‘பேக’ என்றால் சீக்கிரம். அவ்வளவு கன்னடம் தமயந்திக்கு வரும். சாக்கு? ‘போதும்’ என்றா சொல்கிறான்? உயிர் போகிற நேரத்தில் எது போதும்? அப்படியானால் இது நம் சாக்குதான் என்று அவள் புத்தி ஒரு நொடியில் கணக்குப் போட்டது. ருக்மிணியம்மா வீட்டில் பட்ட அவமானம் இப்போது புத்திசாலித்தனமாகத் திரும்பி வந்து நின்றது. உட்கார்ந்திருந்த சாக்கை உருவிக்கொண்டு ஓடினாள். பாறையின் விளிம்பில், நாகேஷின் பக்கத்தில் அதை விரித்துப் போட்டாள்.

நாகேஷ் அதைப் பார்த்து அலறினான். “அய்யோ, இது அல்ல! சாக்கு! சாக்கு!”

“அதான் போட்டுட்டேனே!” என்று இவளும் அலறினாள்.

கையைக் காட்டிச் சொல்ல அவனுக்குக் கை இல்லை. இரண்டும் பாலகுமாரைப் பிடித்திருந்தன. அவன் அவள் தோளைப் பார்த்தான். தோளைப் பார்த்துக் கத்தினான். மறுபடி தோளையே பார்த்தான். அவள் குனிந்து தன் தோளைப் பார்த்தாள். ஊக்கில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

கன்னடத்தில் கத்திக்கும் சாக்கு என்றுதான் பேர் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. யாரும் சொல்லாமலே அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. துப்பட்டாவோடு சேர்த்துப் பிய்த்து எடுத்தாள். சாக்கின்மேல் முட்டி போட்டாள். வலையின் விளிம்புக் கயிறு பாறை இடுக்கிலிருந்து தண்ணீருக்குள் விறைத்து இறங்கியது. ஒரு கையால் சாக்கோடு பாறையை அழுத்திக்கொண்டு, மற்ற கையைக் கயிற்றுக்கு நீட்டிக் கட்டைவிரலால் குமிழைத் தள்ளினாள். ‘டக்.’

நைலான் கயிறு லேசில் அறுபடவில்லை. பல் வைத்த பாதியால் ராவினாள். மாரியம்மா, மாரியம்மா என்று வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அலை வந்து மார்வரை அடித்தபோது உடம்பு முன்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. நனைந்த சாக்கு பாசியை இறுகக் கவ்விக்கொண்டு, அவள் முட்டியை நகரவிடாமல் வைத்திருந்தது. கயிறு தெறித்து அறுந்தது. வலையோடு சேர்ந்து பாலகுமார் மேலே வந்தான். நாகேஷும் அவளும் அவனைச் சாக்கின்மேலே இழுத்துப் போட்டார்கள். தண்ணீரை வாந்தியெடுத்தான், இருமினான், கண்ணைத் திறந்தான்.

தமயந்தி அவனைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள். அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுகையினூடே நாகேஷின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவன் கூச்சத்தில் நெளிந்தான், ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவனும் அழுதுகொண்டுதான் இருந்தான்.

எல்லாரும் வேனில் ஏறித் திரும்பினார்கள். வழியில் நாகேஷ், “சாரி அத்திகே, டென்ஷன்ல தமிழே வரல. ‘கத்தி’ன்னு சொல்லியிருந்தா டைம் வேஸ்ட் ஆயிருக்காது” என்றான்.

“கத்தின்னு சொல்லியிருந்தீங்கன்னா சாக்கை எடுத்திருக்க மாட்டேன் தம்பி. அந்தப் பாசில நானும் போயிருப்பேன். நல்ல வேளை, உங்களுக்குத் தமிழ் மறந்துச்சு, எனக்குக் கன்னடம் தெரியல.”

பின்சீட்டில் போர்வைக்குள் சுருண்டிருந்த பாலகுமார் அவள் கையைத் தேடிப் பிடித்தான். “அந்தப் பதினெட்டு வேலை சாமான வாங்கியிருந்தா, இந்நேரம் நீ நகத்த வச்சு நெம்பிக்கிட்டு இருந்திருப்பே” என்றான். அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அந்தச் சாக்கை அலசி, மாடியில் காயவைத்து, மடித்துச் சாமி அலமாரிக்குக் கீழே வைத்தாள். பாலகுமார் கிண்டல் செய்யவில்லை. மறுநாள் அவனே பிரிகேட் ரோட்டுச் சந்துக்குப் போய் சேஷகிரிக்கு ஒரு டப்பா இனிப்பு கொடுத்து, நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தான். சேஷகிரி அன்றிலிருந்து கடையில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்து, கத்தி வாங்க வருகிறவர்களையெல்லாம் கை நனைக்கச் சொல்கிறாராம்.

அடுத்த ஞாயிறு நாகேஷைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ருக்மிணியம்மா கொல்லையிலிருந்து தலைவாழை இலை அறுத்துக் கொடுத்தார். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், வடை என்று தமயந்தி காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை. அவனுக்கு என்ன கொடுத்தால் தீரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எதைக் கொடுத்தாலும் தீராது என்பது மட்டும் தெரிந்தது. பாயசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து ஊற்றினாள். இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

“ஸாக்கு அத்திகே, ஸாக்கு!” நாகேஷ் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் இலைக்கு மேலே குறுக்கே நீட்டித் தடுத்தான். மணிக்கட்டில் பாலகுமாரின் நகங்கள் பதிந்த காயம் இன்னும் ஆறாமல் சிவந்திருந்தது.

இந்தத் தடவை அந்தச் சொல் தமயந்திக்குச் சரியாகவே புரிந்தது. அந்தக் கைகளை மெல்ல விலக்கிவிட்டு, இன்னொரு கரண்டி ஊற்றினாள்.