கடைவாயில் ஒரு மெமரி கார்டு

என் வாய் பொல்லாத வாய். விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்து பிரேம்குமார் கடை எது என்று கேட்டால், "ஒர்த்தன் கத்திக்கினு இருப்பான் பாரு, அவன்தான்" என்று கைகாட்டுவார்கள். கரண்ட் ஆபீஸ்காரனிலிருந்து என் மாமியார் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் இல்லை. அப்படிப்பட்ட நான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கால் மணி நேரம் வாயே திறக்கவில்லை. அதில் என் வலது கையின் மூன்று விரல்கள் போயின.

என் தொழில் செத்த கம்ப்யூட்டர்களை எழுப்புவது. புதுசை எவன் வேண்டுமானாலும் ரிப்பேர் செய்வான். எடைமேடை, அச்சகம், எம்பிராய்டரி கடை என்று இன்னும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தோடு ஓடும் கிழடுகள்தான் என்னிடம் வரும். அவற்றின் புரோகிராமை எழுதியவன் துபாய்க்குப் போய் இருபது வருஷம் ஆகியிருக்கும். ஹார்ட் டிஸ்க் செத்தால் அதே மாதிரி இன்னொன்று எங்கும் கிடைக்காது. நான் கேமராவில் போடுகிற மெமரி கார்டை ஒரு சின்ன போர்டில் செருகி, டிஸ்கின் ஒயரில் மாட்டிவிடுவேன். கம்ப்யூட்டர் அதையே டிஸ்க் என்று நம்பி ஓடும். பாவம், வயசாகிவிட்டால் எதையும் நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

திண்டிவனத்திலிருந்து வல்லம் போகிற ரோட்டில் வேங்கடேசனின் எடைமேடை இருக்கிறது. கல் குவாரி லாரிகள் அங்கேதான் ஏறி எடை போட்டுக்கொண்டு இறங்கும். இரண்டு வருஷத்துக்கு முன் அதற்கும் கார்டு மாட்டினேன். செத்த டிஸ்கைக் கழற்றப் போனபோது வேங்கடேசன் தடுத்தார்.

"அத்த கழட்டாத பிரேமு. பதினெட்டு வருசமா ஆயுத பூஜைக்கு மூடியத் தொறந்து அதுக்குத்தான் பொட்டு வெச்சிக்கினு வர்றேன். ராசியான பெட்டி."

ராசிக்கு என்ன ஒயர் வேண்டும்? ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு, சந்தனம் குங்குமத்தோடு அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

அந்த எடைமேடையில் ஆறு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவள் பரிமளா. அவள் புருஷன் தேவா, அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வண்டியில் வந்தபோது ஒரு டிப்பர் லாரி அடித்துவிட்டுப் போனது. நிற்கக்கூட இல்லை. நீல நிற லாரி என்பதைத் தவிர யாரும் எதையும் பார்க்கவில்லை. எட்டு நாள் கழித்து அவள் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, அந்த வண்டிய நாந்தான் எட போட்டு அனுப்சேன். திருமுருகன் வண்டி. பத்து அம்பத்திரண்டுக்கு இங்க எறங்குச்சி. பதினோரு மணிக்கு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி அவரு கெடந்தாரு."

குவாரிக்காரர் திருமுருகன், அந்த லாரி முந்தின நாளிலிருந்தே ஷெட்டில் பிரேக் வேலைக்கு நின்றது என்று போலீசில் சொல்லியிருந்தார். பொண்டாட்டி பேச்சை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது, காகிதத்தில் யாரும் எதையும் அச்சடிக்கலாம், பதிவு இருக்கிற பொருளையே கொண்டுவா என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். பதிவு இருக்கிற பொருள் என்றால், எடை போட்ட வண்டி நம்பரும் நேரமும் ஏறியிருக்கிற அந்தக் கார்டுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் போனபோது வேங்கடேசன் அங்கே இல்லை. அனந்தபுரத்தில் கல்யாணம் என்று காலையிலேயே கிளம்பிவிட்டாராம். நான் வருவதைக் குவாரிக்குப் போன் செய்து சொல்லிவிட்டுத்தான் அந்த மனுஷன் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பந்தியிலேயே போய் நாறடித்திருப்பேன்.

என் கடையில் ஒரு சட்டம் உண்டு. எந்தக் கார்டிலும் கை வைக்கும் முன் காப்பி எடுக்க வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்து, மூடியைத் திறந்து, கார்டை உருவினேன். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரியது. லேப்டாப்பில் செருகக் கையை நீட்டியபோது, மேஜை மேல் தனியாக இருக்கும் எடை காட்டும் பெட்டியில் சைபர் மறைந்து சிவப்பில் இரண்டாயிரத்து நூறு என்று விழுந்தது.

"லாரி இல்லண்ணே, ஜீப்பு. ஜீப்ப எவன் எட போடுவான்?" என்றாள் பரிமளா. குவாரி ஜீப்தான் என்று இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

பையில் போட்டால் தடவுவார்கள். அவளிடம் கொடுத்தால் அவளைத் தடவுவார்கள். எச்சில் பட்டால் துடைத்துக்கொள்ளலாம் என்று கார்டை வாயில் போட்டுக் கடைவாயோரம் ஒதுக்கினேன்.

திருமுருகன் வெள்ளைச் சட்டையில் முன்னால் வந்தார். பின்னால் இரண்டு பேர், ஒருவன் கையில் ஜாக்கி ராடு. ஒரு வார்த்தை பேசாமல் அவன் முதலில் என் லேப்டாப்பை அடித்தான். அடுத்தது மானிட்டர். அடுத்தது என் முதுகு. நான் முழங்காலில் விழுந்தேன். இன்னொருவன் பரிமளாவின் முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் சாய்த்து நிறுத்தினான்.

திறந்து கிடந்த பெட்டியைத் திருமுருகன் குனிந்து பார்த்தார். "குங்குமம் வெச்சிக்கினு இருக்குது பாரு, அதுதான். பேத்து எட்றா."

எடைமேடையைச் சோதிக்க வைத்திருக்கும் இருபது கிலோ இரும்புக் கற்கள் மூலையில் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றைத் தூக்கி டிஸ்கின் மேல் போட்டார்கள். நாலாவது தடவையில் அது பப்படமாய்ப் போனது. ரெண்டு வருஷமாகச் செத்துக் கிடந்ததைத் திரும்பவும் கொன்றார்கள். வேறு நாளாக இருந்தால் நான் சிரித்து உருண்டிருப்பேன்.

அதோடு அவர்கள் போயிருக்கலாம். ஆனால் திருமுருகன் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா பிரேமு, ஊரையே கிழிப்ப. இன்னிக்கி ஒரு சத்தத்தையும் காணமே? வேற எங்கனா காப்பி வெச்சிக்கினு இருக்கியா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லு."

திரும்பவும் தலையாட்டினேன். அவருக்கு அது திமிராகப் பட்டது. என் வலது கையை இழுத்துத் தரையில் பரப்பி, மணிக்கட்டில் செருப்புக் காலை வைத்துக்கொண்டார். ராடுக்காரன் கல்லை என் விரல்களுக்கு மேலே தூக்கிப் பிடித்தான்.

"உட்ருங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது," என்று பரிமளா கதறினாள். பிடித்திருந்தவன் அவள் தலையைச் சுவரில் மோதும் சத்தம் கேட்டது.

கல் விழுந்தது. எலும்பு நொறுங்குவது காதில் கேட்காது, தோள்பட்டையில் கேட்கும். என் உடம்பு முழுவதும் ஒரே அலறலாகத் திரண்டு தொண்டைக்கு வந்தது. நான் பல்லைக் கடித்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கல் இரண்டாம் தடவையும் விழுந்தது. இன்னும் இறுக்கிக் கடித்தேன்.

"பயத்துல ஊமையாயிட்டான். வாங்கடா," என்றார் திருமுருகன்.

பெட்டியில் சிவப்பு எழுத்து திரும்பவும் சைபருக்கு வந்தபோதுதான் அவர்கள் போய்விட்டார்கள் என்று தெரிந்து வாயைத் திறந்தேன். ரத்தத்தோடு பாதிப் பல்லொன்று விழுந்தது. கூடவே கார்டும் விழுந்தது, இரண்டு துண்டாக.

அவர்கள் கையில் சிக்காமல் காப்பாற்றியதை நானே கடித்து உடைத்திருந்தேன். நெஞ்சு வெடித்து அழுதேன். "போச்சிம்மா, நானே ஒடச்சிட்டேன்," என்று அவள் காலடியில் தலையைப் போட்டேன்.

பரிமளா நெற்றியில் வழிந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு நசுங்கிக் கிடந்த டிஸ்கைப் பொறுக்கித் தேவாவின் சாப்பாட்டுத் தூக்கில் போட்டு மூடினாள். அன்றைக்கு ரோட்டில் உருண்டு ஒடுங்கிய அதே தூக்கு.

"செத்த டிஸ்கும்மா அது. அதுல ஒண்ணும் கெடையாது," என்றேன்.

"தெரியும்ணே. லாரி ஷெட்டுலயே இருந்திருந்தா, இத்த ஒடைக்க எதுக்கு ஜீப்பு எடுத்துக்கினு வர்றான்? உன் கைய எதுக்கு நசுக்குறான்? எங்க ரெண்டு பேரு ரத்தத்தயும் பாத்துட்டுச் சொல்லட்டும், பொண்டாட்டி பேச்சுன்னு."

என் கையைத் துண்டில் சுற்றி, என்னைத் தன் ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவைத்தாள். ஆஸ்பத்திரி வழியில்தான் இருந்தது. நான் அதைக் காட்டினேன். அவள் நிறுத்தவில்லை.

"மொதல்ல ஸ்டேஷன். கட்டு போட்டுட்டா எவனும் பாக்க மாட்டான். இவ்ளோ நேரம் மூடிக்கினு இருந்தது போதும்ணே. அங்க போய் வாயத் தொற."

ஸ்டேஷன் வாசலில் இருந்த காவலர் எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். வாயில் நிறைந்திருந்த ரத்தத்தை அவர் பூட்சுக்குப் பக்கத்தில் துப்பினேன். துப்பிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன்.