சும்மா கொடுக்கும் டிக்கெட்

விஜயகலா நீட்டிய தாளைக் கன்னையா கையில் வாங்கவில்லை. தாளின் மேலே பளபளவென்று ஒரு விமானம். அதன் கீழே பல் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பம். காரணமில்லாமல் இவ்வளவு சிரிப்பவர்களை நம்பக் கூடாது என்பது அவர் கட்சி.

"பேங்க் கார்டு எடுத்ததுக்கே இருபத்தையாயிரம் மைல் சும்மா குடுத்திருக்காங்கப்பா. காசில்லாம அம்மா திருச்சி வரைக்கும் பிளேன்ல போயிட்டு வர அது போதும்."

"ஏறாத பிளேனுக்கு எவனாச்சும் மைல் குடுப்பானா?"

மகள் கொழும்பில் கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்காளர். பேங்க்கில் அவளுக்குத் தங்க நிறக் கார்டு கொடுத்திருந்தார்கள். ஏர்போர்ட்டில் தனி அறை, அங்கே சாப்பாடு இலவசம், பத்துக் கிலோ சாமான் கூடுதலாகக் கொண்டுபோகலாம் என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். தெஹியோவிட்ட பஸ் ஸ்டாண்டில் தைலம் விற்பவனைப் பார்ப்பதுபோலத்தான் கன்னையா அவளைப் பார்த்தார்.

"எழுபத்தி மூணுலயும் இதத்தான் சொன்னானுங்க. டிக்கெட் சும்மா, சோறு சும்மா, சாமான் வேணுங்கறத கட்டிக்கங்கன்னு. கையெழுத்துப் போட்டுட்டு இந்தியாவுக்குப் போனவன் ஒருத்தன் திரும்பி வந்தானா?"

தோட்டத்துத் தமிழர்களை அரசாங்கம் இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த அந்த வருடம் மனைவி தங்கம்மாவின் அப்பா, அம்மா, அக்கா மூவரும் ரயில் கோச்சி ஏறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலில் ஏறினார்கள். கன்னையா மட்டும் கையெழுத்துப் போடாமல் இந்த ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டிலேயே நின்றுவிட்டார். கல்யாணமாகி நாலே மாதமான தங்கம்மாவிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பத்து நாலு வருடமாக அவர்கள் குடியேறிய கோத்தகிரியிலிருந்து கடிதம்தான் வருகிறது. கடைசிக் கடிதத்தை அக்கா யாரையோ கொண்டு எழுதியிருந்தாள்: கண் மங்கிக்கொண்டு வருகிறது, உன் முகம் தெரியும்போதே வந்துவிட்டுப் போ.

டிக்கெட்டுக்குத் தங்கம்மாவின் அடையாள அட்டைப் பிரதியோடு ஒரு படிவமும் வேண்டுமாம். இத்தனை காலம் எந்த நாட்டுப் பிரஜையாகவும் இல்லாதிருந்தவளுக்கு அட்டை கைக்கு வந்தே மூன்று வருடம்தான் ஆகிறது. மறுநாள் காலை கன்னையா அந்தப் படிவத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போனார். பெரிய கிளாக்கர் இராஜசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு எழுத்து விடாமல் படிக்கிற மனிதர்.

"ஐயா, இதுல பிரஜாவுரிமய எழுதிக் குடுக்கிற எடம் எங்கங்க இருக்கு?"

கிளாக்கர் இரண்டு தரம் படித்தார். சிரிக்கவில்லை. "அப்பிடி ஒண்டும் இல்லை, கன்னையா. போறதுக்கும் வாறதுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட். வாற திகதியை இப்பவே சொல்லவும் தேவையில்லை. ஒரு வருசத்துக்குள்ள எப்ப எண்டாலும் வரலாம்."

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ரப்பர் மரங்களுக்கிடையே லயத்துக்கு ஏறும்போது அவர் வழியில் இரண்டு தரம் நின்றார். பேங்க்காரனைச் சந்தேகப்பட்டபோது இருந்த தெம்பு போய்விட்டிருந்தது. ஒரு வருடம். அவளை இங்கே இழுத்து வைத்திருப்பது எது? தான்தானா? முப்பத்து நாலு வருடம் கழித்து அவருக்கு முதல்முறையாக அது தெரியவில்லை. பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் கொழும்பிலிருந்து போன் எடுத்தாள்.

"அப்பா, டிக்கெட் போடப் போறேன். போறது பன்னெண்டாந் தேதி. அம்மா எப்ப திரும்பி வரும்னு கேளுங்க."

அடுப்படியில் தங்கம்மா பலகையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கன்னையா போனை அவள் காதருகே நீட்டினார்.

"கலா கேக்குது. எப்ப திரும்பி வருவேன்னு."

தங்கம்மா நிமிரவில்லை. "கையெல்லாம் மாவா இருக்குங்க. பொறகு சொல்றேன்னு சொல்லுங்க."

தட்டில் ஏற்கெனவே ஏழு ரொட்டி இருந்தது. சாப்பிடுவது இரண்டே பேர். அவள் இன்னொரு உருண்டையைக் கிள்ளிப் பலகையில் வைத்து, விளிம்பு விரியும்படி மெல்லத் தட்ட ஆரம்பித்தாள். போனுக்குள் மகள் ஹலோ, ஹலோ என்றுகொண்டிருந்தாள். கன்னையா நீட்டிய கையை மடக்காமல் அங்கேயே நின்றார்.