இடது கன்னத்தில் மச்சம்

பாஸ்போர்ட் அலுவலகக் கவுன்டரில் இருந்த மேடம் விண்ணப்பத்தைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், பிறகு அஸ்வினியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த ஏழு மாதப் பாண்டிமீனாவைப் பார்த்தார்.

"இடது கன்னத்துல மச்சம்னு போட்டிருக்கு. இங்க வலது பக்கம்ல இருக்கு?"

அஸ்வினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொந்த ஊர் எழுமலையில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த கம்ப்யூட்டர் கடைப் புண்ணியவான், போட்டோவில் இருந்த திருஷ்டிப் பொட்டை மச்சம் என்று நினைத்து அடையாளக் குறியாக ஏற்றிவிட்டிருக்கிறான்! அவளோ இன்றைக்குக் கைக்கு வந்த பக்கம் பொட்டை வைத்துக் கூட்டி வந்திருக்கிறாள்.

"ஐயோ, மச்சம் இல்ல மேடம், மையி!" துப்பட்டா நுனியால் துடைத்தே காட்டினாள்.

மேடம் சிரித்தார். சிரித்தாலும் விடவில்லை. "விண்ணப்பத்த நான் திருத்திக்கிறேன். போட்டோ வேற வேணும். பொட்டு இல்லாம, கண்ணு ரெண்டும் தெறந்து இருக்கணும். நாலு மணிக்குள்ள வந்துருங்க. இல்லாட்டி வேற தேதிதான்."

வேறு தேதிக்கு வழியே இல்லை. குடும்ப விசாவுக்குப் பிள்ளையின் பாஸ்போர்ட்டைக் கொடுக்க, கணவன் சிவக்குமார் வேலை பார்க்கும் மஸ்கட் கம்பெனி இந்த மாதக் கடைசி வரைதான் கெடு கொடுத்திருந்தது. அதை விட்டால் இன்னும் இரண்டு வருடம் சிவக்குமார் அங்கே, அவளும் பிள்ளையும் இங்கே. இப்போது லீவில் வந்து, பெற்ற மகளை அவன் முதன்முதலாக நேரில் பார்த்தே ஒன்பது நாள்தான் ஆகிறது.

தல்லாகுளத்து ஸ்டுடியோவுக்குள் நுழையும்போது மணி மூன்று. பாண்டிமீனா அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். சிவக்குமார் கிலுகிலுப்பையை ஆட்டினான், பாதத்தைச் சுரண்டினான். ஸ்டுடியோக்காரர் காசிமாயன் நாய் மாதிரி குரைத்தும் பார்த்தார். மகாராணி கண்ணைத் திறப்பதாக இல்லை.

"நாளைக்குப் பாப்போம்மா," என்றார் காசிமாயன்.

"நாளைக்கெல்லாம் ஆகாதுண்ணே. நீங்க கேமராவப் பிடிங்க!"

ஏழு மாதமாக ஒற்றை ஆளாக அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் ஓடியவள் அவள். இந்தப் பிள்ளை எந்தச் சத்தத்துக்கு விழிக்கும் என்று அவளுக்கா தெரியாது? கடையில் நாலு பேர் நிற்கிறார்களே என்ற வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்து, குக்கர் விசிலைப் போல நீளமாக ஒரு சத்தம் கொடுத்தாள்.

"உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!"

இரண்டு கண்ணும் பளிச்சென்று திறந்தன.

"அமுக்குங்கண்ணே!"

படம் விழுந்தது. அடுத்த நொடி பிள்ளை வீல் என்று கத்தியது வேறு கதை. நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மேடத்தின் மேஜையில் போட்டோ இருந்தது. பாண்டிமீனாவின் பெருவிரல் ரேகையும் பதிந்தது. அஸ்வினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிவக்குமார் விமானம் ஏறினான். மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது தபால்காரர் வாசலில் சைக்கிள் மணியை அடித்தார்.

"பாண்டிமீனாங்கிறது யாரும்மா?"

"இந்தா, இவங்கதாண்ணே!" என்று மகளை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள் அஸ்வினி.

பாஸ்போர்ட்டை வாங்கிய கையோடு மஸ்கட்டுக்குப் போன் போட்டாள். அவன் 'ஹலோ' சொல்லக்கூட விடவில்லை.

"டிக்கெட்டப் போடுங்க. நாங்க ரெண்டு பேரும் வாரோம்!"