ஹாலோவெல்லின் இறையியல் மாணவர்கள்

ஹாலோவெல் கல்லூரியின் மானத்துக்கு விலையே கிடையாது என்பார் அதன் தலைவர் டாக்டர் விட்கிராஃப்ட். விசாரித்துப் பார்த்ததில் ஆளுக்கு எட்டு டாலர். மதியச் சாப்பாடு தனி.

வாங்கியவர் கால்பந்துப் பயிற்சியாளர் ஆரின் டாஸ்கர். பந்தைவிட ஆளை அதிகம் உதைக்கும் எங்கள் பென்சில்வேனியா ஆட்டத்தை ஒன்பது வருடத்தில் ஐந்து கல்லூரிகளுக்கு ஆடியவர். ஒன்றிலும் முதலாண்டு வகுப்பைத் தாண்டவில்லை. முட்டி போயிற்று, முன்பற்களும் போயின. மிச்சம் இந்த வேலைதான். அதுவும் நன்றித் திருநாளன்று பிரெண்டன் கல்லூரியை ஜெயித்தால்தான் நிலைக்கும்.

சொந்த மாணவர்களோ கவிதை எழுதுகிற ரகம். டாஸ்கர் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து பதினோரு பேரைப் பிடித்துவந்து, புதன்கிழமை இறையியல் வகுப்பில் சேர்த்தார். மறுநாள் வியாழன், நன்றித் திருநாள் ஆட்டம்.

"பையங்க நல்லா வளர்ந்திருக்காங்களே," என்றார் தலைவர், நாற்பது வயதுத் தாடிக்காரன் ப்ராஸரைப் பார்த்து.

"ராத்திரி பகலா படிக்கிறாங்க சார்."

பிரெண்டன்காரர்களை யோக்கியர்கள் என்று நம்பியதுதான் டாஸ்கர் செய்த தப்பு. அவர்களும் அதே சுரங்கத்தில்தான் கொள்முதல் செய்திருந்தார்கள்.

"டேய் ப்ராஸர், நீயாடா?" என்றான் எதிரணிக்காரன். "எப்படா பைபிள் படிச்ச?"

"நேத்து சாயங்காலம். உன் பொண்டாட்டிக்குத் தெரியுமாடா, நீ காலேஜுக்குப் போறது?"

விசில் ஊதியாயிற்று. பந்தைக் கக்கத்தில் இடுக்கி ஓடியவனை மோதிச் சாய்க்க வேண்டிய எதிராளி, அவன் தோளை மெல்லத் தட்டினான். அவன் மரியாதையாக உட்கார்ந்தான். பலகை மேடையில் அசல் மாணவர்கள், "கொல்லு! கொல்லு!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள்.

இடைவேளையில் டாஸ்கர் கெஞ்சினார். "ஒருத்தனையாவது சாய்ங்கப்பா. என் பொழப்பே இதுலதான் இருக்கு."

"நாளைக்குக் கீழ எறங்குனா, என் தலைக்கு மேல கூரைக்கு முட்டு குடுக்கிறவன் அவன்தான் கோச்," என்றான் ப்ராஸர். "அவன் கைய ஒடைச்சிட்டு யாரக் கூப்பிடுறது? உங்க தலைவரையா?"

பயிற்சியாளரே இறங்கி ஆடலாம் என்றிருந்த காலம். டாஸ்கர் ஒருவனை வெளியே அனுப்பிவிட்டு, அவன் சட்டையை மாட்டிக்கொண்டு பந்தோடு பாய்ந்தார். அவர் யாருக்கும் முட்டுக் கொடுக்கிறவர் இல்லை. அதுவரை சேமித்த பலத்தையெல்லாம் பிரெண்டனின் பதினோரு பேரும் அவர்மேல் செலவழித்தார்கள். சொந்த அணி கைதட்டியது.

தூக்கிக்கொண்டு போகும்போது தலைவர் குனிந்து சொன்னார்: "காசுக்கு ஆடுற ஆளுக்கு இங்க எடமில்ல, மிஸ்டர் டாஸ்கர்."

மொத்தத்தில், ஹாலோவெல் பூஜ்யம், பிரெண்டன் பூஜ்யம். டாஸ்கர் பக்கம் விலா எலும்பு மூன்று, வேலை ஒன்று செலவு. சுரங்கத்துக்கு நஷ்டமில்லை, வெள்ளிக்கிழமை காலை இருபத்திரண்டு பேரும் ஆஜர்.