கொட்டாஞ்சேனைக் கலப்புக் கலியாணம்

கொழும்பு கொட்டாஞ்சேனை ஜீவராணி மேல் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எங்கள் தெருவுக்குப் புடவைக்கடை வேலைக்கு வந்த பிள்ளை. தாய் அங்கம்மா அவளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்தே வளர்த்தாள். பெற்ற பிள்ளையின் தலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அதே தெருவில் இருந்த துறைமுகக் கிளார்க் ஒஸ்வால்டின் மூச்சோ இளம்பச்சை. அவன் கடந்து போனால் கொடியில் காயும் சாரிகள் வெளுக்கும். மட்டக்குளி பஸ்ஸில் அவனுக்குப் பக்கத்து சீட் கடைசிவரை காலியாகவே போகும். இரண்டு பேரையும் நாங்கள் திட்டித் தீர்த்தோம்தான். ஆனால் அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு என்னவோ செய்கிறது. வானம் இருட்டினால் ஜீவராணி ஓடிவந்து ஒதுங்கட்டும் என்று தெரு முழுக்கக் கதவைத் திறந்து வைக்கும். இப்போது யாருக்காகத் திறக்கிறோம்?

மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்த வருடம் அவளுடைய கடைசிப் போத்தலும் தீர்ந்தது. வரிசையில் ஒஸ்வால்டுக்குப் பின்னால் மட்டும் தாராளமாக இடமிருந்ததால் அங்கே போய் நின்றாள். சொல்லாமல் கொள்ளாமல் மழை வந்தது. அவன் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தான். வரிசை முழுக்க மஞ்சள் வெளிச்சம் அடித்தது, வெள்ளைப் புகை எழுந்தது, பிறகு மழை மற்றவர்கள் மேல் பெய்வதுபோல் அவர்கள் மேலும் பெய்தது. அவளிடம் தீ இல்லை, அவன் மூச்சில் நிறமில்லை. பக்கத்தில் நின்றவர்களின் உதட்டில் மட்டும் உப்புக் கரித்தது. கோயிலில் தாலியும் சேர்ச்சில் மோதிரமுமாகக் காரியம் முடிந்தது. தெரு அதைக் கலப்புக் கலியாணம் என்றது. வினை அந்தச் சொல்லில்தான் இருந்தது.

அங்கம்மா மகளைப் பார்க்க வந்தாள். முன்னே நின்றது சாந்தமான, கொஞ்சம் வெளிறிய ஒரு பெண். கொஞ்சினால் கன்னம் கரித்தது.

“இது எம் புள்ள இல்ல. எம் புள்ளகிட்ட நெருப்பு இருந்துச்சி.”

கலப்பு என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள், கலந்ததைப் பிரிக்கலாம் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். இருவரையும் சுளகில் ஏற்றிப் புடைத்தாள். இருவரும் ஒரே பக்கம் விழுந்தார்கள். மேல்மாடியில் விஞ்ஞான டியூஷன் கொடுக்கும் பிறெடி எட்டிப் பார்த்தார்.

“அன்ரி, இது கலவை இல்ல, சேர்வை. கலவையெண்டா அதது தன்ர குணத்தோட கிடக்கும். இது ரெண்டும் சேர்ந்து வேற ஒண்டாகிட்டுது. பழைய குணத்தை இதுக்குள்ள தேடாதீங்க.”

அங்கம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் பட்டால் எரிகிறவள்தானே தன் மகள், எரிந்தால் வெளியே வந்துவிடுவாள் என்று பெரிய அண்டாவைக் கொண்டுவந்தாள். ஜீவராணி உள்ளே உட்கார்ந்தாள். ஒஸ்வால்டும் அவள் கையை விடாமல் கூடவே உட்கார்ந்தான். அங்கம்மா வாளியைக் கவிழ்த்தாள். தீப்பிடிக்கவில்லை. மகள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே இருவரும் கரைந்து போனார்கள்.

அவள் போட்ட கூச்சலுக்குத் தெருவே கூடியது. அண்டாவை மொட்டை மாடிக்குத் தூக்கிக் கொடுத்தோம். கொளுத்தும் வெயிலில் அதன் பக்கத்திலேயே குந்தியிருந்து, “நெருப்பு வேணாம் சாமி, எப்புடியாச்சும் வந்துரட்டும், அந்தப் பையனோடயே வரட்டும்” என்று புலம்பினாள். பொழுது சாயத் தண்ணீர் வற்றியது. அடியில் இருவரும் கைகோர்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மகள் கண்ணைத் திறந்தாள்.

“அம்மா, இன்னொருக்கா ஊத்துங்கம்மா.”

அங்கம்மா தோட்டத்துக்குத் திரும்பிப் போகவில்லை. ஞாயிறு தோறும் மகளுக்கும் மருமகனுக்கும் தலைக்கு ஊற்றி மாடியில் காயவைக்கிறாள். மழைக்காலத்தில் காய்வதற்குச் செவ்வாய் ஆகிவிடும். அந்த நாட்களுக்குத் துறைமுகத்தில் ஒஸ்வால்டுக்கு லீவு உண்டு.